போன்சாய்க் கவிதைகளும் என் வீட்டு மரமும்

2009இல் நான் ஒரு கவிதை எழுதினேன். தலைப்பு ‘போன்சாய்’. அதில் என்ன இருந்திருக்கும் என்பதைப் படிக்காமலே நீங்கள் சொல்லிவிடலாம். வெட்டப்பட்ட வேர்கள், ஆழமில்லாத தொட்டி, கிளையைச் சுற்றிய கம்பி, வரவேற்பறையில் விருந்தாளிகள் வியப்பதற்காக நிறுத்தப்பட்ட மரம். கடைசிக்கு முந்தைய வரியில் அந்த மரம் நான்தான் என்று தெரியவரும். கடைசி வரி, இந்த நாட்டில் எனக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கும் இதே தொட்டிதான் என்று முடியும். அமெரிக்காவில் முதுகலை முடித்து, வர்ஜீனியாவில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் ஆண்டு அது. ஒரு சிற்றிதழில் வந்தது. நாலைந்து பேர் மின்னஞ்சலில் பாராட்டினார்கள். அதற்குப் பிறகு நான் கவிதை எழுதவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சென்ற மாதம் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். புலம்பெயர்ந்தோர் கவிதைகளைத் தொகுக்கிறார். ‘போன்சாய்’ கவிதையைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு அதை எடுத்துப் படித்தேன். இடையில் ஒரு காரியம் நடந்திருக்கிறது. நான் நிஜமாகவே போன்சாய் வளர்க்கத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மூன்று மரங்கள் இருக்கின்றன, ஒன்றைக் கொன்றிருக்கிறேன். இந்தக் கலையில் நான்கு ஆண்டு என்பது அரிச்சுவடி. ஆனாலும் அந்தக் கவிதையைப் படிக்கையில், நீச்சல் தெரியாத ஒருவன் கடலைப் பற்றி எழுதியதைப் படிப்பதுபோல இருந்தது.

என் கவிதை மட்டும் என்றால் அதைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருப்பேன். தமிழில் போன்சாய்க் கவிதை ஏறக்குறைய ஒரு வகைமையாகவே ஆகிவிட்டது. அடுப்படிக்குள் அடங்கிய பெண், சீருடைக்குள் அடங்கிய சிறுவன், அடுக்குமாடிக் குடியிருப்பில் மகனோடு வந்து தங்கிய முதியவர், ஊரை விட்டு வந்த எங்களைப் போன்றவர்கள். எல்லோருக்கும் ஒரே மரம். கவியரங்கங்களில் இந்தச் சொல் வந்ததுமே முன்வரிசை தலையசைக்கத் தொடங்கிவிடும். ஓர் உவமை, கேட்டவுடன் தலையசைக்க வைக்கிறது என்றால் அதை யாரும் உற்றுப் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

உவமைக்குத் தாவரவியல் சான்றிதழ் வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம்தான். ஆனால் நம் பழைய அகப்பாடல்களில் ஒரு நண்டோ நாரையோ வந்தால், அது எங்கே நிற்கும், எதைத் தின்னும், எந்தப் பொழுதில் வரும் என்பது பாடியவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளுறை என்பதே அந்தக் கவனிப்பின் மேல் எழுந்ததுதான். மரத்தைத் தெரியாமல் மரத்துக்குள் எதை ஒளித்துவைக்க முடியும்?

முதல் மரத்தின் கதையிலிருந்து தொடங்குகிறேன். 2021 ஏப்ரலில் பெரிய கடையொன்றின் வாசலில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். சின்ன ஜூனிப்பர், 30 டாலர். மண்ணின் மேல் கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். தண்ணீர் ஊற்றினால் கல்லின் மேல் வழிந்து வெளியே போகும். அது தெரியாமல் அலுவல் மேஜையில் கணினித் திரைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஊரடங்குக் காலம், வீட்டிலிருந்தே வேலை. காணொளிக் கூட்டங்களில் என் தோளுக்குப் பின்னால் தெரியும். ஆறு வாரம் பச்சையாக இருந்தது. ஏழாவது வாரம் ஒரு கிளையைத் தொட்டபோது ஊசியிலைகள் மொறுமொறுவென்று உதிர்ந்தன. ஜூனிப்பர் செத்தவுடன் நிறம் மாறாது, வாரக்கணக்கில் பச்சை காட்டிக்கொண்டு நிற்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். எத்தனை நாள் பிணத்துக்குத் தண்ணீர் ஊற்றினேனோ.

ஜூனிப்பர், பைன் போன்ற ஊசியிலை மரங்களை வீட்டுக்குள் வளர்க்க முடியாது. அவற்றுக்கு வெயில் வேண்டும், காற்று வேண்டும், முக்கியமாகப் பனிக்காலம் வேண்டும். குளிரில் சில மாதம் உறங்கினால்தான் வசந்தத்தில் துளிர்க்கும். ஜப்பானில் போன்சாயை ‘தொகோனோமா’ என்னும் மாடத்தில் விருந்தினருக்காக ஓரிரு நாள் வைப்பார்கள், பிறகு வெளியே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆல், அரசு இனத்து வெப்ப நாட்டு மரங்கள் ஜன்னலோரத்தில் பிழைத்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, வெளியிடம் இல்லாவிட்டால், அவைதான் ஏற்றவை. ஆனால் நம் கவிதைகளில் வருவது ஆலமரம் அன்று. குளிர் நாட்டு மரம், வரவேற்பறை மூலை, அங்கேயே ஆண்டாண்டாய்ச் சிறை. அப்படி நின்றால் அந்த மரம் துன்பப்பட அவகாசமே இருக்காது. இரண்டு மாதத்தில் செத்துவிடும்.

இரண்டாவதாக வாங்கியது சைனீஸ் எல்ம். எதையும் தாங்கும், தவறுகளை மன்னிக்கும் என்று சொன்னார்கள். அதோடு சேர்த்து ஒரு ட்ரைடென்ட் மேப்பிள் கன்று. அடுத்த ஆண்டு இன்னொரு ஜூனிப்பர், இந்தமுறை வெளித்தளத்தில்.

வேர் வெட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாக் கவிதைகளும் போய் நிற்கும் இடம் அதுதான். என் கவிதையிலும் ‘வேர்’ என்ற சொல் நான்கு முறை வருகிறது.

மார்ச் மாதம், மொட்டு வீங்கி இலை விரியுமுன், எல்மைத் தொட்டியிலிருந்து எடுத்தேன். மண் இல்லை. தொட்டியின் உருவத்திலேயே சுருண்டு சுருண்டு கெட்டித்துப்போன வேர்ப்பந்துதான் வந்தது. முந்தைய கோடையிலேயே ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கி நின்றதன் காரணம் அப்போது புரிந்தது. சாப்பிடும் குச்சி ஒன்றால் ஓரத்திலிருந்து சிக்கெடுத்தேன். சிக்குப் பிடித்த தலையை வாரிவிடுவதுபோல, அவசரப்படாமல் நுனியிலிருந்து. தடித்த வேர்களை வெட்டி, மயிரிழை வேர்களை விட்டுவைக்க வேண்டும். தண்ணீர் குடிப்பவை அவைதான். மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிற்று. பிறகு அகடாமா என்ற ஜப்பானியக் களிமண் குருணை, ப்யூமிஸ், எரிமலைக் கல் மூன்றையும் கலந்து, இடைவெளி இல்லாமல் குச்சியால் குத்திக் குத்தி நிரப்பி, மரம் ஆடாமலிருக்கத் தொட்டியின் அடித்துளை வழியாகக் கம்பி கொடுத்துக் கட்டி, கீழே வழியும் தண்ணீர் தெளியும் வரை ஊற்றினேன். நான்கு வாரத்தில் முன்னெப்போதும் இல்லாத அடர்த்தியில் துளிர்த்தது.

தொட்டியில் இருக்கும் மரத்தின் வேரை வெட்டாமல் விட்டால்தான் அது தன் வேராலேயே தன்னை நெரித்துக்கொள்ளும். வெட்டிய இடத்தில் புது வேர் விடும். புது வேர் இருக்கும் வரை அந்த மரம் இளையது. நானூறு ஆண்டு வாழும் போன்சாய்களின் இரகசியத்தில் பாதி இந்தக் கத்தரிதான். என் கவிதையின் மைய வரி, ‘வேர் வெட்டினார்கள், அதனால் நான் வளரவில்லை’ என்ற பொருளில் வருவது, அப்படியே தலைகீழ். இதில் வெட்கப்படுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. என் அம்மா தஞ்சாவூர் வீட்டுக் கொல்லையில் மல்லிகை வளர்த்தவர். ஆண்டுதோறும் கார்த்திகையில் கவாத்து செய்வார். மொட்டையாக நிற்கும் கொடியைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். “கவாத்து பண்ணலேன்னா பங்குனியில பூ எங்கேருந்துடா வரும்?” என்பார். கவாத்து என்ற சொல்லை அடுக்களை வாசலில் கேட்டு வளர்ந்தவன், கவிதை எழுத உட்கார்ந்ததும் அதை மறந்துவிட்டு, பத்திரிகைத் துணுக்கிலிருந்து ஒரு ஜப்பானிய மரத்தை எடுத்துக்கொண்டான்.

அம்மாவும் இதில் முழுக்க என் பக்கம் இல்லை. இங்கே வந்திருந்தபோது கம்பி சுற்றிய மேப்பிளைப் பார்த்துவிட்டு, “மல்லியைக் கத்தரிச்சு விட்டுருவேன், அது பாட்டுக்குப் போவும். இத இப்படித்தான் வளையணும்னு நீ எதுக்குடா சொல்ற?” என்றார். அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்து, சிறியது என்பது. நம் பத்திரிகைகள் போன்சாயைக் ‘குள்ள மரம்’ என்று மொழிபெயர்க்கின்றன. ஜப்பானியச் சொல்லில் குள்ளம் என்ற பொருளே இல்லை. ‘போன்’ என்றால் தட்டுப் போன்ற தொட்டி, ‘சாய்’ என்றால் நட்டது. தட்டில் நட்டது, அவ்வளவுதான். விதையிலேயே குட்டையான சாதியும் அன்று. என் எல்மைத் தோட்டத்து மண்ணில் இறக்கினால் சில ஆண்டுகளில் வீட்டுக் கூரையை எட்டும். அளவு இங்கே ஓர் ஊனமாகப் பார்க்கப்படுவதில்லை, யாப்பாகப் பார்க்கப்படுகிறது. ஏழு சீரில் நிற்கும் குறளை, வளரவிடாமல் வெட்டிய அகவல் என்று நாம் யாரும் இரங்குவதில்லை. குறள் என்ற சொல்லுக்கே குறுகியது என்றுதான் பொருள். அதைப் பெருமையாகச் சொல்கிறோம். மூன்று அடி கேட்டு வந்த வாமனனைத் தெரிந்த மொழியில், சின்ன மரத்தைப் பார்த்ததும் பரிதாபம் மட்டுமே தோன்றுவது விசித்திரம். இரண்டடி உயரத்தில் பெருமரத்தின் விகிதத்தைக் கொண்டுவருவது எத்தனை கடினம் என்பதைக் கிளை கிளையாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கத்தரித்துக் கத்தரித்து இலையைச் சிறிதாக்கலாம். பூவையும் காயையும் முடியாது. குட்டி ஆப்பிள் மரத்தில் காய்க்கும் பழம் தன் இயல்பான அளவிலேயே காய்த்து, மரத்தை வளைத்துக்கொண்டு தொங்கும். அதை யாராவது கவிதையாக்கியிருந்தால் நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வாஷிங்டனின் தேசிய மரத்தோட்டம் இருக்கிறது. அதற்குள் போன்சாய் அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் இல்லை. இந்தப் பக்கம் வரும் வாசகர்கள் வெள்ளை மாளிகையை வெளியிலிருந்து பார்க்கும் நேரத்தில் இங்கே போகலாம். அமெரிக்காவின் 200ஆவது ஆண்டுக்காக 1976இல் ஜப்பான் 53 போன்சாய்களைப் பரிசளித்தது. அவற்றில் ஒன்று வெள்ளைப் பைன். பலகையில் பிறந்த ஆண்டு இல்லை. எந்த ஆண்டிலிருந்து பழக்கப்படுகிறது என்று மட்டும் இருக்கிறது. 1625. அடிமரம் ஆட்டுரல் பருமன். மேலே மேகம்போல ஊசியிலைகள். அதைக் கொடுத்தவர் மசாரு யமாகி, ஹிரோஷிமாவைச் சேர்ந்த போன்சாய்க் கலைஞர்.

1945 ஆகஸ்ட் 6 காலையில் இந்த மரம் ஹிரோஷிமாவில், யமாகி குடும்பத்தின் தோட்டத்தில் இருந்தது. குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 2 மைல். உயரமான மதில் ஒன்று மரங்களைக் காப்பாற்றியது. குடும்பத்தாரும் பிழைத்தார்கள். முப்பத்தொரு ஆண்டு கழித்து, குண்டு போட்ட நாட்டுக்கே பிறந்தநாள் பரிசாக யமாகி அதைக் கொடுத்தார். கொடுக்கும்போது எதையும் சொல்லவில்லை. 2001இல் அவருடைய பேரன்கள் தாத்தாவின் மரத்தைப் பார்க்க வந்தபோதுதான், தாங்கள் இத்தனை ஆண்டு தண்ணீர் ஊற்றி வந்தது எதற்கு என்று அருங்காட்சியகத்தாருக்கே தெரிந்தது.

இந்த மௌனத்தை நான் ஒரு வாசகனாகவே திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். ‘இது ஹிரோஷிமா’ என்று ஒரு சீட்டுக் கட்டி அனுப்பியிருந்தால் அந்த மரம் ஒரு செய்தியாகியிருக்கும். சொல்லாததால் இருபத்தைந்து ஆண்டு மரமாகவே நின்றது. நம் போன்சாய்க் கவிதைகளில் மரம் இரண்டு வரிகூட மரமாக நிற்பதில்லை. கடைசி வரியில் வரப்போகும் ‘நான்’ அதை அவசரப்படுத்திக்கொண்டே இருக்கிறது.

தொட்டி மரம் இலக்கியத்தில் எப்படி வரலாம் என்பதற்கு ஜப்பானியர்களிடமே பழைய எடுத்துக்காட்டு இருக்கிறது. ‘ஹாச்சி நோ கி’ என்ற நோ நாடகம். தொட்டி மரங்கள் என்று பொருள். ஆர்தர் வேலியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன், 1921இல் வந்தது. நிலத்தையெல்லாம் இழந்து வறுமையில் இருக்கும் ஒரு சாமுராய். கடும் பனியில் ஒரு துறவி வந்து இரவு தங்க இடம் கேட்கிறார். வீட்டில் விறகு இல்லை. நல்ல காலத்தின் மிச்சமாக மூன்று தொட்டி மரங்கள் மட்டும் இருக்கின்றன: பிளம், செர்ரி, பைன். ஒவ்வொன்றாக வெட்டி அடுப்பில் வைத்து விருந்தாளியைக் குளிர் காயவைக்கிறான். துறவி உண்மையில் நாட்டை ஆண்டு ஓய்வுபெற்ற ஹோஜோ தொகியோரி. பிற்பாடு படைக்கு அழைப்பு வந்ததும் இவன் துருப்பிடித்த கவசத்தோடும் எலும்பான குதிரையோடும் போய் நிற்க, எரித்த மூன்று மரங்களின் பெயரைக் கொண்ட மூன்று ஊர்கள் பரிசாகக் கிடைக்கின்றன. முடிவு நம் ஊர்ப் புராணங்களைப் போலத்தான். பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தான். இவன் குளிருக்கு மரத்தைக் கொடுத்தான். என்னைப் பிடித்து நிறுத்தியது மரத்தை வெட்டும் கட்டம். இந்த மரம் நானே என்று அவன் சொல்லவில்லை. இதற்குள் எத்தனை ஆண்டு உழைப்பு போயிருக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியும். தெரிவதால் வலிக்கிறது. உவமைக்கு வேலையே இல்லை.

அதே அருங்காட்சியகத்தில் இன்னொன்று. ‘கோஷின்’: பதினொரு ஜூனிப்பர்கள் ஒரே தட்டில் காடாக நிற்கின்றன. செய்தவர் ஜான் நாகா. இந்த இதழின் இளைய வாசகர்கள் இவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1914இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். எட்டு வயதில் ஜப்பானுக்குப் போய்த் தாத்தாவிடம் வளர்ந்தார். போன்சாயை அவரிடம் கற்றார். இருபத்தொரு வயதில் அமெரிக்கா திரும்பினார். பிறகு லாஸ் ஏஞ்சலிஸ். அமெரிக்காவில் போன்சாயைப் பரப்பியவர்களில் முதன்மையானவர். ஜப்பானிய மரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல், கலிஃபோர்னியாவின் சொந்த ஜூனிப்பரையே எடுத்து வேலை செய்யலாம் என்று காட்டினார். ஜப்பானில் ஒரு கோயிலுக்கு அருகே பார்த்த கிரிப்டோமேரியா மரக் கூட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டு, கையில் கிடைத்த ஜூனிப்பர்களால் கோஷினை உண்டாக்கினார். பேரப்பிள்ளைகள் பதினொருவர், ஆகவே மரங்கள் பதினொன்று. இரண்டாம் தலைமுறை மனிதர் ஒருவர், தொட்டியையும் வேரையும் கம்பியையும் வாழ்நாள் முழுக்கக் கையாண்டவர், பேரப்பிள்ளைகளை மரங்களாக நட்டார். தொட்டியில் நிற்பதை அவர் ஓர் இழிவாகக் கருதியிருந்தால் அதைச் செய்திருப்பாரா?

சரி, மறுதரப்பைப் பேசவேண்டும். போன்சாய் உவமையை எடுத்துக்கொண்ட பெண் கவிகளின் கோபம் பொய்யில்லை. அவர்கள் பேசியது மரத்தின் உடல்நிலையைப் பற்றி இல்லை. தன் உருவத்தை இன்னொருவர் தீர்மானிப்பதைப் பற்றி. அங்கே என் தாவரவியல் முழுவதும் உதவாது. அம்மா கேட்டதும் அதைத்தான்: இப்படித்தான் வளையவேண்டும் என்று நீ எதற்குச் சொல்கிறாய்?

அலுமினியக் கம்பியைக் கிளையில் நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் சுற்றி, இரு கட்டைவிரலால் மெல்ல வளைத்து, சில மாதம் விட்டால் கிளை அந்த வடிவிலேயே நிற்கும். வளரும் பருவத்தில் வாரம் ஒருமுறை பார்க்கவேண்டும். கிளை பருக்கும், கம்பி பருக்காது. 2023 மே மாதம் ஒரு வாடிக்கையாளரின் மென்பொருள் மாற்றத்தில் மூன்று வாரம் இரவு பகல் தெரியாமல் இருந்தேன். மேப்பிள் வசந்தத்தில் எத்தனை வேகமாகப் பருக்கும் என்பது எனக்குத் தெரியாது. கம்பியை வெட்டி எடுத்தபோது பட்டைக்குள் அது புதைந்திருந்தது. சுருள்சுருளாகத் தழும்பு, இன்றும் இருக்கிறது. மேப்பிளின் வழுவழுப்பான பட்டையில் அது மறையப் பல ஆண்டுகள் ஆகும், மறையாமலும் போகலாம்.

அந்தத் தழும்பைப் பார்த்த பிறகுதான் என் கவிதையில் என்ன கோளாறு என்று பிடிபட்டது. வரவேற்பறை, வேர், அளவு எல்லாம் தகவல் பிழைகள், திருத்திவிடலாம். திருத்த முடியாதது வேறு. தமிழில் நான் படித்த போன்சாய்க் கவிதைகளில் எழுதுகிறவர் எப்போதும் மரமாகவே இருக்கிறார். கத்தரி வேறு யாரிடமோ இருக்கிறது. சமூகம், மாமியார், அமெரிக்கா, காலம். பெண் கவிகள் அப்படி எழுதியதற்குக் காரணம் இருந்தது, கத்தரி அவர்கள் கையில் இல்லை. நானூறு பேர் விசாவுக்குக் காத்திருக்கும் வரிசையில் விரும்பி நின்று, விரும்பி வந்து, வீடு வாங்கி, எந்தப் பள்ளி, எந்த மொழி, சனிக்கிழமை எந்த வகுப்பு என்று ஒரு குழந்தைக்காக முடிவெடுக்கப்போகும் ஆணான நான், அந்த உவமைக்குள் எந்த உரிமையில் மரமாகப் போய் நின்றுகொண்டேன்? தன்னிரக்கம் என்று சொன்னால் போதாது. கையில் இருக்கும் கத்தரியை மறைத்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

புலம்பெயர்ந்தோர் எழுத்தில் இது என்னோடு நிற்பதில்லை என்பதால் எழுதுகிறேன். போர் துரத்தி வந்தவர்களின் கணக்கு வேறு. அவர்களைப் பிடுங்கி எறிந்த கை உண்மையிலேயே வேறொருவருடையது. அதை நானும் அவர்களும் ஒரே தொட்டிக்குள் போட்டுப் பேசுவதும் இந்த உவமை செய்கிற இன்னொரு குழப்பம்.

உண்மையில் போன்சாயில் கட்டுண்டு கிடப்பது என்று ஒன்று இருந்தால் அது தண்ணீர்தான். ஜூலையில் 95 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறும் நாட்களில், இரண்டு அங்குல ஆழத் தொட்டி காலையில் ஊற்றியதை மாலைக்குள் குடித்துவிடும். இரண்டு வேளையும் யாராவது இருக்கவேண்டும். அதற்குக் கணக்கும் கிடையாது. விரலை மண்ணில் நுழைத்துப் பார்த்து, ஈரம் விலகத் தொடங்கியிருந்தால் ஊற்றவேண்டும், இல்லாவிட்டால் கூடாது. அட்டவணை போட்டு ஊற்றுகிறவர்கள்தான் அதிகம் மரங்களைக் கொல்கிறார்கள். எங்கள் தொழிலில் எதையும் தானியங்கியாக்கிவிடும் வழக்கம் உண்டு. நானும் ஒரு நேரக்கருவியும் குழாயும் பொருத்திப் பார்த்தேன். மழை பெய்த வாரத்திலும் அது கடமை தவறாமல் ஊற்றியதில் எல்மின் இலைகள் மஞ்சளாகின. கழற்றிவிட்டேன்.

2022 ஜூனில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. மறுநாள் விமானம். மூன்று வாரம் தஞ்சாவூரில் இருந்தேன். மரங்கள் நினைவுக்கே வரவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது மூன்றும் பச்சையாக நின்றன. என் மகள், அப்போது ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள், அவளாகவே ஊற்றியிருக்கிறாள். ஒரு குறிப்பேட்டில் தேதி போட்டு, விரல் வைத்துப் பார்த்தபோது ஈரமா காய்ந்ததா, ஊற்றினாளா இல்லையா என்று எழுதி வைத்திருந்தாள். ஒரு நாளில் மட்டும் ‘மறந்துவிட்டேன், சாரி’ என்று தமிழில் இருந்தது. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அந்தக் குறிப்பேடு மரத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அன்றிலிருந்து எல்ம் அவளுடையது. அதைப் பற்றி யாரும் பேசி முடிவெடுக்கவில்லை.

நண்பரின் கடிதத்தோடு கவிதையின் நகலும் வந்திருந்ததால் அச்செடுத்து மேஜையில் வைத்திருந்தேன். அவளுக்கு இப்போது பதினான்கு வயது. தமிழ் படிப்பாள், எழுத்துக்கூட்டி அல்ல என்றாலும் மெதுவாக. நான் தேநீர் போட்டுக்கொண்டு வருவதற்குள் இருமுறை படித்திருந்தாள்.

“அப்பா, லாஸ்ட் லைன்ல வர்ற குழந்தை நானா?”

“ஆமா. நீ பொறக்கறதுக்கு முன்னாடி எழுதினது.”

“அப்ப நான் வர்றதுக்கு முன்னாடியே என்னை வெட்டியாச்சுன்னு எழுதிட்டீங்க.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பிழையைச் சுட்டிக்காட்டும் தொனிதான். நான் கவிதைக்குப் பதவுரை சொல்ல ஆரம்பித்தேன், ‘தொட்டி என்பது ஒரு குறியீடு’ என்பதுபோல ஏதோ. அவள் பாதியிலேயே எழுந்து, எல்முக்குத் தண்ணீர் பார்க்கவேண்டும் என்று வெளியே போய்விட்டாள். கவிதைகளைப் பற்றி எனக்கு இதுவரை கிடைத்த விமர்சனங்களில், பாராட்டிய அந்த நாலைந்து மின்னஞ்சல்களையும் சேர்த்து, இதுதான் கவிதையைச் சரியாகப் படித்தது.

நண்பருக்கு, சேர்க்கவேண்டாம் என்று எழுதினேன். காரணம் கேட்டார். போன்சாயை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று தொடங்கி எழுதியது நீண்டுகொண்டே போய் இந்தக் கட்டுரையானது. வேறு கவிதை ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டிருந்தார். இல்லை.

வரும் மார்ச்சில் மேப்பிளைத் தொட்டி மாற்றவேண்டும். முதல்முறையாக நல்ல மண்பாண்டத் தொட்டி, நீல மெருகிட்டது. தொட்டியில் நடும்போது மரத்தின் முன்பக்கம் எது என்று தீர்மானிக்கவேண்டும்; பார்ப்பவர் பக்கம் எந்த முகம் இருக்கவேண்டும் என்பது. தழும்புக் கிளை பின்னால் போகட்டும் என்பது என் கட்சி. அவள் அதை முன்னால் வைக்கச் சொல்கிறாள், அந்தப் பக்கம்தான் வேர் நன்றாகப் பரந்திருக்கிறதாம். போய்ப் பார்த்தேன். வேரைப் பற்றி அவள் சொல்வது சரிதான். அடித்துளைகளுக்கு வலை மட்டும் இப்போதைக்கு வெட்டி வைத்திருக்கிறேன்.